டாரட் சீட்டு நிரல்: கையேடு சொல்லாமல் விட்டது

படச் சீட்டுகளை எடுத்துப் பலன் சொல்லும் டாரட் முறையைக் கணினியில் பார்க்க உதவும் இலவச நிரல் ஒன்றை இரண்டு வாரங்களாகப் பயன்படுத்தி வருகிறேன். பெரிய அர்க்கானா என்ற பிரிவில் 22, சிறிய அர்க்கானா என்ற பிரிவில் 56 என 78 சீட்டுகளும் முறையாக உள்ளன. படங்கள், பமேலா கோல்மன் ஸ்மித் வரைந்து 1909-இல் லண்டனில் வெளிவந்த சீட்டுக்கட்டினுடையவை என்பதால், சீட்டைக் கையில் எடுத்துப் பழகியவர்களுக்கு அவை அந்நியமாகத் தோன்றமாட்டா. மரணச் சீட்டுக்குக்கூடப் பயமுறுத்தாமல், ஒன்று முடிந்து மற்றொன்று தொடங்குவதாகப் பலன் எழுதியிருப்பது பாராட்டத்தக்கது.

குறை வேறிடத்தில் இருக்கிறது. பத்துச் சீட்டுகளை விரிக்கும் செல்டிக் சிலுவை முறையில், ஒரு நாள் மூன்றாம் இடத்திலும் எட்டாம் இடத்திலும் துறவிச் சீட்டே வந்து நின்றது. கிளி ஜோசியத்தில்கூட இப்படியொரு கூத்து நடக்காது. எடுத்த சீட்டைக் கட்டிலிருந்து விலக்காமலே நிரல் அடுத்ததைத் தேர்ந்தெடுக்கிறது என்பது மூலநிரலைத் திறந்து பார்த்த பிறகே விளங்கியது. இவ்வாறு எடுத்தால், பத்தில் ஏதேனும் ஒரு சீட்டு திரும்ப வரும் வாய்ப்பு ஏறக்குறைய 45 சதவீதம். கையால் கலைத்த கட்டில் அதற்கு இடமே இல்லை. கையேடோ, ‘சீட்டுகள் முறையாகக் கலைக்கப்படும்’ என்ற ஒற்றை வரியோடு நகர்ந்துவிடுகிறது. தலைகீழாக விழும் சீட்டுகளை வேண்டாமென நிறுத்திவைக்கும் வசதியையும் அமைப்புக் கோப்பைத் துழாவித்தான் கண்டுபிடித்தேன்.

நிரல் திருத்தப்படும் வரை, காலையில் ஒற்றைச் சீட்டு எடுப்பதற்கு மட்டும் இதை வைத்துக்கொண்டிருக்கிறேன்.