பொறுத்துப் பார்க்கச் சொன்ன சிறுநீரகப் பிரிவு: ஓராண்டு அனுபவம்

கருவில் இருக்கும்போதே கிட்னியில் நீர் கோத்திருக்கிறது என்று சொல்லப்பட்ட எங்கள் மகனை, பிறந்த ஏழாம் நாளிலிருந்து ஒரு வயது நிறையும் வரை, ஒரு தனியார் மருத்துவமனையின் குழந்தைகள் சிறுநீரகப் பிரிவில் காட்டிவந்தோம். ஐந்து முறை சென்றும் அவனுக்கு ஒரு ஊசிகூடப் போடப்படவில்லை. ஆயினும் கொடுத்த கட்டணம் வீண் என்று தோன்றவில்லை.

32ஆம் வார ஸ்கேனில், இடது சிறுநீரகத்தில் சிறுநீர் திரளும் பகுதி 9 மில்லிமீட்டர் விரிந்திருந்தது. 28 வாரத்துக்குப் பின் 7 மில்லிமீட்டரை எட்டினாலே அதை வீக்கமாகக் கணக்கிடுகிறார்கள். பிரசவம் நடந்த வேறொரு மருத்துவமனையில், பிறந்த மறுநாளே ஸ்கேன் எடுத்து, எல்லாம் நார்மல், இனிப் பார்க்க வேண்டியதில்லை என்று அனுப்பிவிட்டார்கள். அந்த அறிக்கையை வாங்கிப் பார்த்த இந்தப் பிரிவின் மருத்துவர் முதலில் கேட்டது, ஸ்கேன் எடுத்த நேரத்தைத்தான். முதல் 48 மணி நேரத்தில் குழந்தையின் உடலில் நீர்ச்சத்தும் சிறுநீரும் குறைவாக இருப்பதால், இருக்கிற வீக்கமும் தெரியாமல் போகலாம் என்றும், இரு சிறுநீரகங்களும் வீங்கி ஆண் குழந்தையின் சிறுநீர்ப்பைச் சுவரும் தடித்திருப்பது போன்ற அவசர நிலைகளில் மட்டுமே காத்திருக்கக் கூடாது என்றும் விளக்கினார். அன்று எடுத்த ஸ்கேனில் அளவு 12 மில்லிமீட்டர்.

அந்த எண்ணுக்கு என்ன பொருள் என்பதை மருந்துச் சீட்டின் பின்புறத்தில் எழுதியே காட்டினார். 2006இல் வெளியான ஒரு தொகுப்பாய்வில், கருவில் வீக்கம் லேசாக இருந்தவர்களில் சுமார் 12 விழுக்காட்டினருக்கும், நடுத்தரமாக இருந்தவர்களில் 45 விழுக்காட்டினருக்கும், கடுமையாக இருந்தவர்களில் 88 விழுக்காட்டினருக்கும் பிறந்தபின் ஏதேனும் ஒரு கோளாறு கண்டறியப்பட்டதாம். எங்கள் மகனுக்குச் சிறுநீர்க்குழாய் விரியவில்லை, சிறுநீர்ப்பையும் சீராக இருந்தது என்பதால், டியூப் வழியாகச் சாயம் ஏற்றி எக்ஸ்ரே எடுக்கும் பரிசோதனையும் வேண்டாம், தினசரி ஆன்டிபயாடிக்கும் வேண்டாம் என்றார். என் மாமியாருக்கு இதில் திருப்தியில்லை; இவ்வளவு பணம் வாங்கிக்கொண்டு மருந்தே எழுதவில்லையே என்பது அவர் கவலை. வீக்கம் கூடினால் ஐசோடோப் ஸ்கேன் எடுத்து இரு சிறுநீரகங்களின் வேலைப் பங்கைப் பார்ப்பார்கள். வீங்கிய பக்கத்தின் பங்கு 40 விழுக்காட்டுக்குக் கீழே போனால், சிறுநீரகமும் சிறுநீர்க்குழாயும் சேரும் இடத்தில் உள்ள குறுகிய இணைப்பை வெட்டி மறுபடி இணைக்கும் அறுவை சிகிச்சையைப் பற்றி யோசிப்பார்கள். அதிலும் பத்தில் ஒன்பதுக்கு மேல் வெற்றி என்றார்.

இந்தப் பிரிவை நான் மெச்சுவது அளவெடுப்பதில் உள்ள ஒழுங்குக்காக. ஒவ்வொரு முறையும் ஒரே மருத்துவர் ஸ்கேன் எடுத்து, குழந்தையின் சிறுநீர்ப்பை நிறைந்திருந்ததா காலியாக இருந்ததா என்பதையும் அறிக்கையில் எழுதினார். அது எழுதப்படாவிட்டால் இரண்டு மில்லிமீட்டர் கூடியது நோயா, நிறைந்த பையா என்று யாராலும் சொல்ல முடியாது. 12 என்பது ஆறாம் வாரத்தில் 11 ஆகி, மூன்றாம் மாதத்தில் 9, ஆறாம் மாதத்தில் 8, ஒரு வயதில் 6 என்று இறங்கியது. சளி, இருமல் இல்லாமல் காய்ச்சல் 100.4 டிகிரியைத் தாண்டினால் சிறுநீர்ப் பரிசோதனைக்கு வர வேண்டும் என்றும், தோலில் ஒட்டும் பையில் பிடித்த சிறுநீரைக் கல்ச்சருக்கு (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு) கொடுக்கக் கூடாது என்றும் தமிழில் அச்சிட்ட தாளையும் தந்தார்கள்.

குறைகளும் உண்டு. ஒன்பது மணி டோக்கனுக்கு உள்ளே அழைத்தது பன்னிரண்டரைக்கு. பால் கொடுக்கத் தனி அறை கிடையாது. குழந்தையைப் பசியாற்றி அமைதிப்படுத்தினால்தான் ஸ்கேன் எடுக்க முடியும் என்னும் இடத்தில் இது சிறிய குறையல்ல. இரவுக் காய்ச்சலுக்கென்று கொடுத்த எண்ணை எடுத்த வரவேற்பாளருக்கு அப்படியொரு பிரிவு இருப்பதே தெரியவில்லை. ஐசோடோப் ஸ்கேன் அங்கே கிடையாது, வெளியூர்தான் போக வேண்டும்.

ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். போகிறவர்கள் கர்ப்பகால ஸ்கேன் அறிக்கைகள் அனைத்தையும் வார வரிசைப்படி எடுத்துச் செல்லுங்கள். எங்களிடம் 20ஆம் வார அறிக்கை இல்லாததால் முதல் சந்திப்பில் அரை மணி நேரம் அதைத் தேடுவதிலேயே போயிற்று.