29 பாட்டு, 41 டிராக்: ராபர்ட் ஜான்சன் சிடி தொகுப்பை எண் பார்த்து வாங்குங்கள்

கொலம்பியா 1990-இல் வெளியிட்ட, அமெரிக்க ப்ளூஸ் பாடகர் ராபர்ட் ஜான்சனின் 'தி கம்ப்ளீட் ரெக்கார்டிங்ஸ்' இரண்டு சிடி கொண்டது. பாட்டு 29, டிராக் 41. காரணம், பல பாட்டுக்கு இரண்டு டேக், அதாவது ஒரே பாட்டை இரண்டு முறை பாடிய தனித்தனிப் பதிவு. அவற்றை அடுத்தடுத்து வைத்திருப்பதுதான் இந்தத் தொகுப்பின் பெரிய குறை. ஆய்வாளருக்கு வசதி, ஆனால் சும்மா உட்கார்ந்து கேட்பவருக்கு அலுப்பு.

பெயர் ஒன்றாகவே இருப்பதால் டேக்கைப் பிரித்துக் காட்டுவது மேட்ரிக்ஸ் எண்தான்; பதிவு செய்யும்போது ஒவ்வொரு பதிவுக்கும் தரும் எண் அது. எஸ்ஏ என்று தொடங்கினால் சான் அன்டோனியோ, 1936 நவம்பர். டிஏஎல் என்றால் டாலஸ், 1937 ஜூன். கடைசி இலக்கம் டேக். 'கிராஸ் ரோட் ப்ளூஸ்' எஸ்ஏ-2629-1, எஸ்ஏ-2629-2 என இரண்டு உண்டு. வொகேலியன் நிறுவனத்தின் 03519 என்ற 78 சுழற்சி இசைத்தட்டில் வந்தது முதலாவது; 1961-இல் வந்த சிஎல் 1654 எல்பியில் சேர்த்தது இரண்டாவது. ஆகவே 'ஒரிஜினல் வெர்ஷன்' என்று யாராவது சொன்னால் எண்ணைக் கேளுங்கள்.

'லவ் இன் வெயின்' டிஏஎல்-402-1, டிஏஎல்-402-4 என்று தாவும். டிஏஎல்-379-க்கு அடுத்து 394 வரும். இந்த 379-க்கும் 394-க்கும் இடையில் உள்ளவை டாலஸில் பதிவுசெய்த மற்றவர்களின் எண்கள். அச்சுப்பிழை என்று நினைத்துத் திருத்தி வைக்காதீர்கள்.

விற்பனைக்கு வந்த தட்டின் எண்ணையும் மேட்ரிக்ஸ் எண்ணையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. வொகேலியன் 03416 ஒரே தட்டு. ஒரு பக்கம் எஸ்ஏ-2586-1 'டெர்ராப்ளேன் ப்ளூஸ்', மறுபக்கம் எஸ்ஏ-2580-1 'கைண்ட் ஹார்ட்டட் வுமன் ப்ளூஸ்'.

சிடி தொகுப்பின் எண் சி2கே 46222. இது பார்கோடுக்குள்ளேயே இருக்கிறது: 0 7464 46222 2 5. நடுவில் தொகுப்பு எண், அடுத்த 2 சிடியைக் குறிக்கும், கடைசி 5 சரிபார்ப்பு இலக்கம். ஒற்றைப்படை இடத்து இலக்கங்களின் கூட்டல் 18, மூன்றால் பெருக்கினால் 54, இரட்டைப்படை இடங்கள் 21, மொத்தம் 75. அடுத்த பத்தின் மடங்கான 80-க்கு 5 குறைகிறது. செகண்ட் ஹேண்டில் வாங்கும்போது சிடியின் உள்வளையத்தையும் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். ஐஎஃப்பிஐ என்று தொடங்கும் குறியீடு 1994-இல்தான் வந்தது; அது இருந்தால் 1990-இன் முதல் அச்சு அல்ல.

ஸ்ட்ரீமிங்கில் பார்க்கும் ஐஎஸ்ஆர்சி, அதாவது ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் தரும் சர்வதேசக் குறியீடு, 12 இடம் கொண்டது: நாடு 2, பதிவாளர் 3, ஆண்டு 2, வரிசை 5. அந்த ஆண்டு குறியீடு ஒதுக்கிய ஆண்டு, பாடிய ஆண்டு அல்ல. அதில் 1936-ஐக் குறிக்கும் 36-ஐத் தேடிப் பயனில்லை.

சிடியைக் கணினியில் ஃபைலாக மாற்றும்போது (ரிப் செய்யும்போது) ஃபைல் பெயரில் டிராக் எண்ணையும் சேர்க்க மென்பொருளில் அமையுங்கள். வெறும் பாட்டின் பெயர் மட்டும் என்றால் இரண்டாவது டேக் முதலாவதின் மேல் எழுதிவிடும். கடைசியில் 41-க்குப் பதில் 29 ஃபைல்தான் மிஞ்சும். மேட்ரிக்ஸ் எண்ணை ஃபைலின் கமெண்ட் (குறிப்பு) பகுதியில் போடுங்கள்.

42-ஆவது டேக், 'டிராவலிங் ரிவர்சைட் ப்ளூஸ்' பாட்டின் இன்னொரு வடிவம், இந்த 1990 தொகுப்பில் இல்லை. அது 1998-இல் அந்த 1961 எல்பியின் சிடி மறுவெளியீட்டில்தான் வந்தது. எல்லாமே வேண்டும் என்றால் 2011-இன் நூற்றாண்டுத் தொகுப்பை வாங்குங்கள்.