கேரவன் படுக்கையறை டிவி: மடக்குக் கையா, அலமாரிக் கதவா?

டிவியை மடக்குக் கையில் (சுவரில் திருகி, இழுத்து மடக்கும் தாங்கி) மாட்டுவது அரை நாள் வேலைதான். ஆனால் கேரவன் சுவர் வெறும் மெல்லிய பலகை. உள்ளே சட்டம் ஓடும் இடம் பார்த்துத் திருகாவிட்டால் பயணக் குலுக்கலில் திருகாணி பிடுங்கிக்கொண்டு வரும். பூட்டு இல்லாத கை என்றால் ஒவ்வொரு வளைவிலும் டிவி ஆடும்.

என் ஓட்டு இரண்டாவதற்கு: ஆழம் குறைந்த அலமாரி செய்து, அதன் கதவிலேயே டிவியைப் பொருத்துவது. பின்னால் துணி, புத்தகம், ஒயர் எல்லாம் அடங்கிவிடும். 12 மி.மீ. பிளைவுட் எடுங்கள்; எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த பலகை) கனம், ஈரம் பட்டால் ஊதியும் போகும். கதவின் முழு உயரத்துக்கும் பியானோ கீல் (நீளப் பட்டையாக வரும் கீல்) போடுங்கள். கதவு மூடியே இருக்கக் காந்தத்தை மட்டும் நம்ப வேண்டாம், அழுத்துப் பூட்டு (பொத்தானை அழுத்தினால்தான் திறப்பது) வேண்டும். அப்புறம், கீல் பக்கம் ஒயரைக் கொஞ்சம் தளர்வாக விடுங்கள். வேலை கூடுதல், சரி. சேமிப்பிடம் ஏற்கெனவே தாராளமாக இருந்தால் மடக்குக் கையே போதும்.