மினி டிராக்டருக்கு ஹிட்ச் போடப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்

வாழப்பாடிக்குப் பக்கத்தில் எங்களுக்கு ரெண்டு ஏக்கர் பாக்குத் தோப்பு. மரத்துக்கு மரம் 9 அடிதான், பெரிய டிராக்டர் உள்ளே திரும்பாது. அதனால் போன வருஷம் பழைய மினி டிராக்டர் ஒன்று வாங்கினோம். விற்றவர் கருவிகளைத் தாங்கும் பின்பக்க இரும்புக் கைகளை, அதாவது லிங்க்குகளை, கழற்றி வைத்துக்கொண்டார். எரு இழுக்கச் சின்ன டிரெய்லர், மண் தள்ள ஒரு பிளேடு இரண்டையும் நானும் தம்பியும் வீட்டிலேயே செய்துவிட்டோம். அவற்றை வண்டிக்குப் பின்னால் மாட்டும் அமைப்பான ஹிட்ச்சை மட்டும் தொழில் தெரிந்தவர் போடட்டும் என்று சேலத்தில் ஒரு வெல்டிங் பட்டறைக்குக் கொண்டுபோனேன்.

"10 எம்.எம். பிளேட்டு, ஹை டென்சைல் போல்ட்டு, பத்து வருஷம் ஆனாலும் அசையாதுங்க" என்றார் பட்டறைக்காரர். 18,500 ரூபாய் பேசி 10,000 முன்பணம் கொடுத்தேன். மூன்று நாளில் தருவதாகச் சொன்ன வண்டி 19 நாள் கழித்து வந்தது. பெயிண்ட் அடிக்கும் முன்னால் வெல்டிங்கைக் காட்டுங்கள் என்று முதல் நாளே சொல்லியிருந்தேன். போய் நின்றபோது எல்லாம் கறுப்பாகப் பளபளத்தது. பில் கேட்டதற்கு, "போட்டா ஜி.எஸ்.டி. சேந்துருமே சார்" என்றார். மீதிப் பணத்தையும் கொடுத்துவிட்டு வந்தேன். அங்கேயே நின்று சண்டை போட்டிருக்க வேண்டும்.

நாலாவது நாள் தம்பி எரு ஏற்றிக்கொண்டு வாய்க்கால் கரை ஏறினான். முன் சக்கரம் இரண்டும் தரையை விட்டு எழும்பின. அவன் கிளட்சை மிதித்துவிட்டான், வண்டி தடாரென்று கீழே உட்கார்ந்தது. இன்னும் ஒரு நொடி தாமதித்திருந்தால் வண்டி பின்பக்கம் மல்லாந்து அவன் மேலேயே விழுந்திருக்கும். எழுதும்போதுகூட வயிற்றைப் பிசைகிறது.

காரணம் இதுதான். டிரெய்லர் மாட்டும் கொக்கியைப் பின் அச்சின் மட்டத்துக்கு மேலே வைத்திருந்தார்கள். இழுவைப் புள்ளி அச்சுக்குக் கீழே, தரைக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். அது எவ்வளவு உயரமோ, அவ்வளவுக்குச் சுமை வண்டியைப் பின்பக்கமாகச் சாய்க்கும். மேட்டில் ஏறும்போது கேட்கவே வேண்டாம். கம்பெனிக்காரர்கள் டிராபாரை, அதாவது டிரெய்லர் இழுக்கும் கட்டையை, தாழ்வாக வைப்பது இதற்காகத்தான். ஹிட்ச் போடுவதையே தொழிலாக வைத்திருப்பவருக்கு இது தெரியாது என்றால் நான் நம்பமாட்டேன்.

ஆத்தூரில் வேறொரு மெக்கானிக்கிடம் காட்டினோம். அவர் கிரைண்டர் போட்டுப் பெயிண்டை எடுத்ததும் மற்றதெல்லாம் வெளியே வந்தது. பிளேட்டை வெர்னியர் வைத்து அளந்தால் 6 மி.மீ. போல்ட் தலையில் ஹை டென்சைல் என்பதற்கான 8.8 என்ற குறியே இல்லை, சாதா போல்ட். கீழ்ப்பக்க லிங்க்கின் துளை 22 மி.மீ., உள்ளே சொருகியிருந்த பின் (pin) 19 மி.மீ. அதனால்தான் பிளேடு மாட்டினால் லொடலொடவென்று ஆடியிருக்கிறது.

இதையெல்லாம் மாற்றிவிடலாம். மாற்ற முடியாதது ஒன்று செய்திருந்தார்கள். பிளேட்டைப் பின் அச்சை மூடியிருக்கும் கூடான ஆக்சில் ஹவுசிங் மேலேயே வெல்டிங் வைத்திருந்தார்கள். ஹவுசிங் வார்ப்பிரும்பு. முன்கூட்டியே சூடு பண்ணாமல் சாதா வெல்டிங் ராடு போட்டால், ஆறும்போது வெல்டிங்கை ஒட்டியே விரிசல் விடும். எங்கள் வண்டியில் ஒரு சாண் நீளத்துக்கு விரிசல், உள்ளே ஆயில் சீலும் சூட்டில் போய்விட்டது. ஹவுசிங்கில் கம்பெனியே போல்ட் துளைகள் விட்டிருக்கிறது. பிராக்கெட் செய்து அதில் முடுக்கியிருந்தால் போதும், நெருப்பே தேவையில்லை.

சேலம் பட்டறைக்குத் திரும்பப் போய்க் கேட்டேன். "ஓவர் லோடு ஏத்துனீங்கன்னா நாங்க என்ன பண்றது?" என்றார். ஏற்றியது அரை டிரெய்லர் எரு. அதற்குப் பிறகு போன் எடுப்பதில்லை.

வேலைக்குக் கொடுக்கும் முன்னால் போடப்போகிற தகட்டை எடை போட்டுப் பாருங்கள். ஒரு அடிக்கு ஒரு அடி 10 மி.மீ. தகடு ஏழு கிலோவுக்கு மேல் வரும், 6 மி.மீ. நாலரை கிலோகூட வராது. வெல்டிங் வைக்கும்போது பக்கத்திலேயே இருங்கள், பேட்டரி ஒயரைக் கழற்றச் சொல்லுங்கள். பெயிண்டை வீட்டில் நாமே அடித்துக்கொள்ளலாம். கொக்கியின் உயரத்தைப் பின் சக்கர நடு மையத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மேலே இருந்தால் வண்டியை எடுக்கவே எடுக்காதீர்கள்.

சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுக்கப் போகிறேன். கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது, இரண்டு வருஷத்துக்குள் கொடுக்க வேண்டும். என் கையில் பில் இல்லை. ஜிபேயில் அனுப்பிய கணக்கும், "10 எம்.எம். போட்டாச்சு சார்" என்று அவர் அனுப்பிய வாட்ஸ்அப் குரல் பதிவும் இருக்கின்றன.

ஏற்கெனவே ஹவுசிங் மேல் வெல்டிங் வைத்து ஹிட்ச் போட்டவர்கள் இன்றைக்கே வண்டிக்கு அடியில் படுத்துப் பாருங்கள். வெல்டிங் ஓரத்தில் ஆயில் கசிந்து மண் ஒட்டியிருந்தால் டிரெய்லரைக் கழற்றிவிடுங்கள்.