போலி வைரஸ் எச்சரிக்கைகளும் எங்கள் வீட்டுக் கணினியும்: சில ஆண்டு அனுபவம்

வில்லிவாக்கத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில் இருக்கும் கணினி குடும்பத்துக்கே பொது. அப்பா காலையில் செய்தித்தாளும் ராசிபலனும் அதில்தான் படிப்பார். தங்கை டி.என்.பி.எஸ்.சி. தேர்வுக்காகப் பழைய வினாத்தாள்களைத் தேடித் தேடி டவுன்லோடு செய்வாள். அம்மா விட்டுப்போன சீரியலைப் பார்ப்பார். பலர் கைபடும் கணினியில் விளம்பர மென்பொருளும் போலி வைரஸ் எச்சரிக்கையும் நுழையத்தான் செய்யும். 2019-இலிருந்து இவற்றோடு மல்லுக்கட்டி வருகிறேன். எந்தக் கருவி கைகொடுத்தது, எது பாதியில் நின்றது என்பதைப் பகிர்ந்துகொள்கிறேன். இந்த எச்சரிக்கைகளை நம்பிப் பணம் கட்டுகிறவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள் என்பதால், கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். திரையின் வலது கீழ் மூலையில் சிவப்பு நிறத்தில் எட்டிப்பார்க்கும் “உங்கள் கணினியில் 5 வைரஸ்கள்” என்ற பெட்டி, எங்கள் வீட்டில் பெரும்பாலும் வைரஸால் வரவில்லை. பிரௌசரில் யாரோ கொடுத்த ஓர் அனுமதியால்தான் வந்தது. அப்பா ஒரு நாள் கூப்பிட்டு, “ஆன்டிவைரஸ் காலாவதியாகிவிட்டதாம், இன்றைக்கே பணம் கட்டச் சொல்கிறான்” என்றார். அந்தப் பெட்டியைக் கிட்டத்தில் போய்ப் பார்த்தேன். ஊரறிந்த ஓர் ஆன்டிவைரஸின் சின்னம், அபாயக் குறி, பெரிய எழுத்தில் மிரட்டல் எல்லாம் இருந்தன. அதே பெட்டியில் பொடி எழுத்தில் பிரௌசரின் பெயரும், கேள்விப்பட்டே இராத ஓர் இணைய முகவரியும் இருந்தன. கணினியில் நிறுவிய ஆன்டிவைரஸ் இப்படிப் பிரௌசர் வழியாக, முன்பின் தெரியாத முகவரியிலிருந்து பேசாது. அந்தப் பொடி எழுத்தைப் படிக்க வீட்டில் எல்லோருக்கும் கற்றுக்கொடுத்தேன். எந்தக் கருவியையும்விட அதுதான் அதிகம் பயன்பட்டது.

அந்த அனுமதி எப்படிப் போகிறது? வினாத்தாள் தருவதாகச் சொல்லும் ஏதோ ஒரு தளம், “நீங்கள் ரோபோ இல்லை என்று உறுதிசெய்ய அலவ் பொத்தானை அழுத்துங்கள்” என்று காட்டும். அழுத்தியதும் நோட்டிஃபிகேஷன் அனுப்பும் உரிமை அந்தத் தளத்துக்குப் போய்விடும். அதன் பிறகு அந்தப் பக்கத்தை மூடினாலும் பெட்டிகள் வந்துகொண்டே இருக்கும். குரோமில் செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, சைட் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ் என்று உள்ளே போனால் அனுமதி பெற்ற தளங்களின் பட்டியல் கிடைக்கும். எங்கள் வீட்டுப் பட்டியலைப் பார்த்தபோது எனக்கு வயிறு எரிந்தது. அர்த்தமில்லாத எழுத்துக் கோவைகளாக அத்தனை முகவரிகள்! எல்லாவற்றையும் நீக்கினேன். இனி எந்தத் தளமும் அனுமதியே கேட்கக் கூடாது என்று அதே பக்கத்தில் மாற்றிவைத்தேன். அந்த நிமிடமே பெட்டிகள் நின்றன. இதற்கு ஒரு பைசா செலவில்லை. பழைய வினாத்தாள்கள் டி.என்.பி.எஸ்.சி.யின் சொந்த இணையதளத்திலேயே இலவசமாகக் கிடைக்கின்றன என்பதையும் தங்கைக்குக் காட்டிவிட்டேன்.

உண்மையிலேயே கணினிக்குள் குடிபுகுந்த விளம்பர மென்பொருள் வேறு கதை. பழைய பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்ததை இன்று பொதுவாகப் பயன்படும் யுனிகோடாக மாற்றித் தரும் என்று சொன்ன ஓர் இலவச மென்பொருளோடு எங்களுக்கு அது வந்து சேர்ந்தது. நிறுவும்போது ‘நெக்ஸ்ட்’ அழுத்திக்கொண்டே போனால், கூடவே இரண்டு மூன்று வேண்டாத சரக்குகளும் இறங்கிவிடும். தேடுபொறி தானாக மாறியது. புதிய டேப் திறந்தால் ஏதோ ஒரு கடைப் பக்கம் வந்தது. இதற்கு ஆட்வ்கிளீனர்தான் எனக்கு முதல் மருந்து. சிறிய கோப்பு, இலவசம், நிறுவ வேண்டிய அவசியமே இல்லை. திறந்து ஸ்கேன் கொடுத்தால் சில நிமிடங்களில் பட்டியல் வந்துவிடும். 2016-இல் மால்வேர்பைட்ஸ் நிறுவனம் இதை வாங்கியது. இன்றும் இலவசமாகவே தருகிறார்கள். ஒரு எச்சரிக்கை: கணினி தயாரிப்பாளர் முன்கூட்டியே போட்டுக் கொடுத்த மென்பொருள்களையும் அது தனியாகக் காட்டும். அவை தீங்கானவை என்று அர்த்தமில்லை. வேண்டுமென்றால் நீக்கலாம், அவ்வளவுதான்.

ஆட்வ்கிளீனரில் பலர் திறந்தே பார்க்காத ஒரு பகுதி உண்டு. வீட்டுக் கணினியின் குரோம் மெனுவில், அடியில், “உங்கள் நிறுவனம் இதை நிர்வகிக்கிறது” என்ற பொருளில் ஒரு வரி தெரிந்தால் விழித்துக்கொள்ள வேண்டும். சில ஆன்டிவைரஸ்களாலும் அந்த வரி வரலாம். ஆனால் பிரௌசரைக் கடத்தும் எக்ஸ்டென்ஷன்கள், அதாவது பிரௌசரோடு ஒட்டிக்கொள்ளும் துணை மென்பொருள்கள், அலுவலகங்கள் தங்கள் கணினிகளைக் கட்டுப்படுத்தவென உள்ள பாலிசி வசதியைப் பயன்படுத்தித் தம்மை நீக்க முடியாதபடி பூட்டிக்கொள்ளும். நீக்கும் பொத்தானே செயல்படாது. ஆட்வ்கிளீனரின் செட்டிங்ஸில் குரோம் பாலிசிகளைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும் வசதியை இயக்கிய பிறகுதான் எங்களுக்கு அந்தப் பூட்டு திறந்தது.

மால்வேர்பைட்ஸின் இலவசப் பதிப்பை இரண்டாவது கருத்துக் கேட்கும் மருத்துவரைப் போல வைத்திருக்கிறேன். புதிதாக நிறுவினால் முதல் 14 நாள் கட்டணப் பதிப்பின் வசதிகள் கிடைக்கும். பிறகு நாமாகக் கேட்டால் மட்டும் ஸ்கேன் செய்யும். வாங்கச் சொல்லி அவ்வப்போது கேட்பது சலிப்பாகத்தான் இருக்கிறது, என்றாலும் நம் வேலைக்கு இலவசப் பதிப்பே போதும். அன்றாடக் காவலுக்கு விண்டோஸோடு வரும் டிஃபெண்டர் என்ற ஆன்டிவைரஸ் இருக்கிறது. அதில் வேண்டாத மென்பொருள்களைத் தடுக்கும் வசதி, ஆப் அண்ட் பிரௌசர் கன்ட்ரோல் பகுதியில், ரெப்புடேஷன் என்று தொடங்கும் தலைப்பின் கீழ் இருக்கிறது. இயங்குகிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். பழைய கணினிகளில் அணைந்தே கிடப்பதைப் பார்த்திருக்கிறேன்.

வன்தட்டை முழுவதும் துடைத்துவிடும் ஃபார்மட் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். ரிச்சி தெருவில் ஒரு கடையில், கணினியைப் பத்து நிமிடம்கூடப் பார்க்காமல், “ஃபார்மட் செய்தால்தான் போகும்” என்றார்கள். செய்தும் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து தங்கை தன் கூகுள் கணக்கில் உள்நுழைந்த சிறிது நேரத்தில் அதே கடைப் பக்கம் புதிய டேப்பில் வந்து நின்றது. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. காரணம் எளிது. குரோமில் சிங்க், அதாவது அமைப்புகளைக் கூகுள் கணக்கோடு ஒத்திசைக்கும் வசதி, இயங்கினால் எக்ஸ்டென்ஷன்களும் தேடுபொறி அமைப்பும் கணக்கிலேயே சேமிக்கப்படும். வன்தட்டை எத்தனை முறை துடைத்தாலும் கணக்கில் இருப்பது திரும்பி வரும். சிங்க் இயங்கும் நிலையிலேயே அந்த எக்ஸ்டென்ஷனை நீக்கினோம். நீக்கியதும் கணக்கில் பதிவாகி, அவளுடைய லேப்டாப்பிலிருந்தும் அது போனது. கடைக்குக் கொடுத்த பணம் போனதைவிட, அவள் சேர்த்துவைத்திருந்த சில குறிப்புகள் அந்த ஃபார்மட்டில் அழிந்ததுதான் எனக்கு இன்றும் ஆறவில்லை.

இன்னொரு வகை, திரை முழுவதையும் நிறைத்துக்கொண்டு அலறும் பக்கம். மைக்ரோசாஃப்ட் பெயரும் ஒரு தொலைபேசி எண்ணும் இருக்கும். மைக்ரோசாஃப்டின் உண்மையான பிழைச் செய்திகளில் அழைக்கச் சொல்லித் தொலைபேசி எண் இருக்காது; அந்த நிறுவனமே இதைப் பலமுறை சொல்லியிருக்கிறது. எஸ்கேப் விசையைச் சற்று நேரம் அழுத்திப் பிடித்தால் முழுத்திரை விலகும். விலகாவிட்டால் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி, டாஸ்க் மேனேஜரில் பிரௌசரை முடித்துவிடலாம். மீண்டும் திறக்கும்போது பழைய டேப்களை மீட்கவா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்ல வேண்டும்.

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் அந்த எண்ணை அழைத்துவிட்டார். பேசியவன் மிகுந்த மரியாதையோடு, தூரத்திலிருந்தே கணினியை இயக்கும் மென்பொருளை நிறுவச் சொன்னான். பிறகு ஈவென்ட் வியூவரைத் திறந்து, அதில் வரிசையாக நின்ற சிவப்புக் குறிகளைக் காட்டி, “பாருங்கள் அம்மா, இவ்வளவும் வைரஸ்” என்றான். நோயில்லாத கணினியிலும் அந்தப் பட்டியலில் சிவப்புக் குறிகள் இருக்கும். அது வெறும் நிகழ்வுப் பதிவு. பணம் கேட்ட கட்டத்தில் அவர் என்னை அழைத்ததால் தப்பித்தார். இணைய இணைப்பைத் துண்டித்தோம், அந்த மென்பொருளை நீக்கினோம், வங்கிக் கடவுச்சொல்லை வேறொரு கருவியிலிருந்து மாற்றினோம். பணம் போயிருந்தால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை உடனே அழைக்க வேண்டும். தாமதிக்கத் தாமதிக்கப் பணத்தை நிறுத்திவைக்கும் வாய்ப்புக் குறையும்.

இந்த வியாபாரம் நேற்று முளைத்ததில்லை. பொய்யான ஸ்கேன் காட்டி மென்பொருள் விற்றவர்கள் மீது அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் 2008-இலேயே வழக்குத் தொடுத்தது. 2012-இல் நீதிமன்றம் 16.3 கோடி டாலர் செலுத்த உத்தரவிட்டது. அதன் பிறகும் இது ஓயவில்லை.

விளம்பரத் தடுப்பானாக யுபிளாக் ஆரிஜினைப் பல ஆண்டுகளாகப் பயன்படுத்துகிறேன். பெரிய பச்சை நிற ‘டவுன்லோடு’ பொத்தான்களில் பாதிக்குமேல் விளம்பரங்கள்தான். அவை கண்ணிலேயே படாமல் போனது எங்கள் வீட்டுக்குப் பெரிய நிம்மதி. 2024 முதல் குரோம் பழைய வகை எக்ஸ்டென்ஷன்களைப் படிப்படியாக நிறுத்தியதால், அதில் இப்போது லைட் பதிப்புதான் கிடைக்கிறது. முழுப் பதிப்பு ஃபயர்ஃபாக்ஸில் தொடர்ந்து இயங்குவதால் அப்பாவை அங்கே மாற்றிவிட்டேன். ஓரிரு வாரம் முணுமுணுத்தார், பிறகு பழகிவிட்டார். அம்மா மட்டும் கைப்பேசியிலேயே சீரியல் பார்க்கத் தொடங்கிவிட்டார். ஆண்ட்ராய்டு குரோமிலும் சைட் செட்டிங்ஸின் கீழ் அதே நோட்டிஃபிகேஷன் பட்டியல் இருக்கிறது. மாதம் ஒருமுறை அதைத் திறந்து பார்க்கிறேன், ஏதாவது ஒரு முகவரி புதிதாக உட்கார்ந்திருக்கிறது.