லெஸ்வோஸ் தீவுல ஒரு வாரம் பறவை பார்த்த அனுபவம் - கைடு எத்தனை நாளைக்கு வேணும்?

ஏப்ரல் கடைசி வாரம் கிரீஸ்ல இருக்கற லெஸ்வோஸ் தீவுக்கு நானும் மனைவியும் போயிட்டு வந்தோம். ஏழு நாள். முழுக்க முழுக்க பறவை பார்க்கறதுக்குனே போன டிரிப். அவங்களைக் கேட்டீங்கன்னா "கடற்கரைன்னு சொல்லி கூட்டிட்டுப் போயி உப்பளத்துல கொண்டு போய் நிறுத்திட்டாரு"ம்பாங்க, அதுவும் பொய்யில்ல. போறதுக்கு முன்னாடி தமிழ்ல யாராச்சும் எழுதியிருக்காங்களானு தேடினேன், எதுவும் கண்ணுல படல, அதான் நானே எழுதிடலாம்னு.

நாங்க எடுத்தது என்னன்னா, முதல் மூணு நாள் கைடோட வேன் டூர், மிச்ச நாலு நாள் வாடகைக் கார் எடுத்து நாங்களே சுத்தினோம். மூணு நாள் டூர்ல ஒரு நாள் தங்கம், ரெண்டு நாள் தண்டம். அது ஏன்னு கீழ சொல்றேன். கம்பெனி பேரு வேண்டாம், ஆபீஸ்ல இருந்தவங்க நல்லாத்தான் பேசினாங்க, அடுத்தவங்க பொழப்புல மண்ணு போட எனக்கு ஆசை இல்ல.

முதல்ல ஏன் இந்தத் தீவு. மேப்பைப் பார்த்தா புரியும், கிரீஸ் நாட்டோட தீவு, ஆனா ஒட்டிக்கிட்டு இருக்கறது துருக்கிப் பக்கம், வடக்குக் கரையில நின்னா எதிர்ல துருக்கி மலை சுமார் 10 கிலோமீட்டர்ல தெரியுது. குளிர்காலத்தை ஆப்பிரிக்காவுல கழிச்சிட்டு கிழக்கு ஐரோப்பா, ரஷ்யானு முட்டை வைக்கப் போற பறவைங்க மத்தியதரைக் கடலைத் தாண்டினதும் இறங்கி இளைப்பாறி தின்னுட்டுப் போற எடம். மால்டா, சைப்ரஸ் கூட இதே மாதிரி வழியில இருக்கற தீவுங்கதான், ஆனா மால்டால வசந்தகாலத்துலயே துப்பாக்கி தூக்கறதுக்கு அனுமதி கொடுக்கறதும் அதுக்கு சண்டை நடக்கறதுமா ஓடிட்டு இருக்கு, சைப்ரஸ்ல பசைக்குச்சியும் வலையும் வச்சு சின்னக் குருவிங்களைப் பிடிச்சு ஊறுகாய் போடறது சட்டப்படி குத்தம்னாலும் இன்னும் முழுசா நின்னபாடில்ல. லீவுல போய் வயிறெரிய வேண்டாம்னு லெஸ்வோஸ் முடிவு பண்ணோம்.

ஏதென்ஸ்ல இருந்து தீவோட தலைநகர் மிட்டிலினிக்கு ஃப்ளைட் ஒரு மணி நேரம் கூட இல்ல, கப்பல்லயும் வரலாம், ஏதென்ஸ் பக்கத்து துறைமுகம் பிரேயஸ்ல ஏறினா ராத்திரி பூரா போகும். தங்கறதுக்கு மிட்டிலினி டவுன் வேண்டாம். தீவுக்கு நடுவுல கல்லோனி வளைகுடானு ஒரு பெரிய கடல் உள்ளே புகுந்து கிடக்கு, அதோட வடக்குக் கரையில ஸ்காலா கல்லோனினு ஒரு சின்ன ஊர், அங்கயே தங்குங்க. உப்பளம், ஆறு, சதுப்பு எல்லாம் அஞ்சு பத்து நிமிஷத்துல. ஊருக்குள்ளயே செங்கால் நாரை கூடு கட்டி உக்காந்திருக்கு, காலையில அலகை டக டகனு தட்டற சத்தத்துல எந்திரிக்கலாம்.

முதல் நாள் கைடு உள்ளூர்க்காரர், வயசானவர், காலையில ஆறு மணிக்கெல்லாம் வேனோட நின்னாரு. நேரா உப்பளம். இங்க ஒண்ணு சொல்லணும். கோடிக்கரையோ பள்ளிக்கரணையோ பார்த்த நமக்கு பூநாரை, நெடுங்கால் உள்ளான் எல்லாம் புதுசில்ல, வேன்ல இருந்த இங்கிலீஷ்காரங்க பூநாரைக்கு ஆ ஊன்னு கத்தினப்ப நான் பெரிய மனுஷன் மாதிரி சும்மா நின்னேன். ஆனா அஞ்சு நிமிஷத்துல என் கெத்து போச்சு. வளைமூக்கு உள்ளானை நம்ம ஊர்ல குளிர்காலத்துல பார்த்தா சாம்பல் கலர்ல, பக்கத்துல நிக்கற இன்னொரு உள்ளானுக்கும் அதுக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்கவே தலை வலிக்கும். இங்க அதே பறவை பாதி உடம்பு செங்கல் கலருக்கு மாறி நிக்குது! ரஃப்னு இன்னொரு உள்ளான் வகை, அதோட ஆண் பறவை கழுத்துல பிடரி முளைக்க ஆரம்பிச்சிருக்கு, ஒண்ணு வெள்ளை, ஒண்ணு கருப்பு, ஒண்ணு காவி. நம்மகிட்ட வேலைக்கு வர்ற டிரெஸ்ல வந்த ஆளுங்களை இங்க கல்யாண மண்டபத்துல பட்டு வேட்டியில பார்க்கற மாதிரி இருந்துச்சு. இங்க நிக்கறது ஆப்பிரிக்காவுல இருந்து வந்த கூட்டம், நம்மகிட்ட வர்றது வேற வழி, ஆனா ரெண்டு கூட்டமும் முட்டை வைக்கப் போறது சைபீரியா வடக்குப் பக்கம்தான்.

அப்புறம் பிராட்டின்கோல்னு ஒரு பறவை. உழுத மண்ணுல உக்காந்தா மண்ணாங்கட்டிக்கும் அதுக்கும் வித்தியாசம் தெரியாது, எழும்பிடுச்சுன்னா தகைவிலான் மாதிரி வளைஞ்சு வளைஞ்சு பூச்சி பிடிக்குது, றெக்கைக்கு அடியில கருஞ்சிவப்பு. ஒரு மணி நேரம் இதையே பார்த்துட்டு நின்னோம், கைடு அவசரப்படுத்தவே இல்ல.

அதே நாள் மத்தியானம் அக்லதேரி பைன் காடு. லெஸ்வோஸ்னு சொன்னா பறவைக்காரங்க எல்லாரும் முதல்ல கேக்கறது குரூப்பர் நட்ஹேட்ச் பார்த்தியானுதான். சின்ன சாம்பல் குருவி, நெத்தியில கருப்பு, வெள்ளைப் புருவம், நெஞ்சுல குங்குமம் சிந்தின மாதிரி ஒரு திட்டு. துருக்கியிலயும் காகசஸ் பக்கமும்தான் முக்கியமா இருக்கு, கிரீஸ்ல இந்தத் தீவைத் தவிர வேற எங்கயும் முட்டை வைக்கறதில்ல. பட்டுப்போன பைன் மரத்துல பொந்து போட்டு கூடு வைக்கும், அதுவும் சில சமயம் நம்ம தலை உயரத்துலயே. பெரியவர் காட்டுக்குள்ள போயி கையை காட்டி எல்லாரையும் நிறுத்தினாரு, கண்ணை மூடிக்கிட்டாரு, ரெண்டு நிமிஷம். எனக்கு காத்து சத்தம்தான் கேட்டுச்சு. அவருக்கு மூக்கடைச்ச மாதிரி ஒரு சின்ன கூவல் கேட்டிருக்கு. மெதுவா கூட்டிட்டுப் போயி ஒரு மொட்டை மரத்தைக் காட்டி, "இதுக்கு மேல ஒரு அடி வைக்காதீங்க, நாம தள்ளி நின்னாதான் அது வரும்"னாரு. வந்துச்சு, வாய் நிறைய பூச்சியோட, தலைகீழா மரத்துல இறங்கி உள்ள போயி, வெளிய வந்து, திரும்பவும் போயி, நாங்க பத்து பேரு மூச்சு விடாம நிக்கறோம். என் மனைவி கூட பைனாகுலரை எனக்குத் திருப்பித் தரல. அந்த ஒரு நாளுக்கு மொத்த பேக்கேஜ் காசும் கொடுத்திருப்பேன்.

ரெண்டாம் நாள் வேற கைடு. சின்னப் பையன், கம்பெனி வெளிய இருந்து கூட்டிட்டு வந்த ஆள். காலையில எட்டரைக்கு கிளம்பினோம், ஏன்னு கேட்டா டிபன் நேரம்ங்கறான். எட்டரைக்கு பாட்டு எல்லாம் அடங்கிடுது சாமி! பத்து பேருக்கு ஒரே டெலஸ்கோப்பு, ரேஷன் கடை வரிசை மாதிரி நின்னு நம்ம முறை வர்றதுக்குள்ள பறவை பறந்துடுது. இதெல்லாம் கூட பரவால்ல. மூணாம் நாள் பெட்ராவுக்கும் மோலிவோஸுக்கும் நடுவுல கவாக்கினு ஒரு பாறைச் சரிவு, ரூப்பெல் வார்ப்ளர்னு ஒரு சின்னப் பாட்டுக் குருவி கூடு வைக்கற எடம், அங்க போன்ல அதோட பாட்டை சத்தமா போட்டு விட்டான். ஆண் பறவை எவனோ தன் எடத்துக்குள்ள வந்துட்டான்னு நினைச்சு பதறி அடிச்சுக்கிட்டு புதர் மேல வந்து நிக்குது, எல்லாரும் போட்டோ எடுத்தாச்சு. நானும் எடுத்தேன், மறைக்க மாட்டேன். ஆனா ஆப்பிரிக்காவுல இருந்து பறந்து வந்து, குஞ்சு பொரிக்கற நேரத்துல அதை அப்படி ஏமாத்தறது தப்பு, தினம் பத்து வேன் வந்து இதையே பண்ணா அது எப்ப இரை தேடும்? திரும்பி வந்து கம்பெனிக்கு மெயில் போட்டேன், "உங்கள் கருத்துக்கு நன்றி"னு ரெண்டு வரி வந்துச்சு, அவ்ளோதான்.

நாலாம் நாள்ல இருந்து எங்க கார். உண்மையைச் சொன்னா இதுதான் டிரிப்போட நல்ல பாதி. காரணம், உப்பளத்தைச் சுத்தி இருக்கற ரோட்டுல காலையில போய் நின்னாலே போதும், இங்கிலாந்து, ஹாலந்து, ஜெர்மனினு எல்லா ஊர் பறவைக்காரங்களும் ஜன்னலை இறக்கி "அங்க என்ன, இங்க என்ன"னு டீக்கடை பெஞ்சு மாதிரி பேசிக்கறாங்க. "மெட்டோகி குளத்துல லிட்டில் க்ரேக் வெளிய வந்து நிக்குது, இப்பவே போ"னு ஒரு பாட்டி சொன்னாங்க, போனோம், அந்தச் சின்ன நீர்க்கோழி நாணல் ஓரத்துல நின்னுச்சு. இதுக்கு கைடுக்கு காசு கொடுத்திருக்கணுமா?

தீவோட மேற்குப் பக்கம் ஒரு நாள் பூரா ஒதுக்குங்க. கிழக்குல ஆலிவ் தோப்பும் பைன் காடுமா பச்சையா இருக்கற தீவு, மேற்க போகப் போக மொட்டைப் பாறையா மாறிடுது. சுமார் 2 கோடி வருஷத்துக்கு முன்னாடி எரிமலைச் சாம்பல்ல புதைஞ்ச காடு, மரமெல்லாம் அப்படியே கல்லா மாறி வேரோட நிக்குது, யுனெஸ்கோ ஜியோபார்க். அந்தப் பொட்டல் நடுவுல ஒரு உச்சியில இப்சிலூ மடம். மடத்தைச் சுத்தி மட்டும் கொஞ்சம் மரம் இருக்கறதால களைச்ச பறவையெல்லாம் அங்கதான் இறங்குது. சினீரியஸ் பண்டிங்னு ஒரு குருவி, ஐரோப்பாவுல ஏஜியன் கடல்ல சில தீவுல மட்டும்தான், சாம்பல் உடம்பு, தலையில லேசா எலுமிச்சை மஞ்சள், அழகுன்னு சொல்ல முடியாது, ஆனா அதுக்காக பல பேரு ஃப்ளைட் பிடிச்சு வர்றாங்க. எனக்கு அதை விட பாறை நட்ஹேட்ச் பிடிச்சுது. பாறையில மண்ணைக் குழைச்சு அப்பி, வாய் குறுகின குடுவை மாதிரி ஒரு கூடு கட்டியிருக்கு பாருங்க, குயவர் செஞ்ச மாதிரி.

மடத்துல இருந்து மேற்குக் கரையில இருக்கற சிக்ரி ஊருக்கு இறங்கற அன்னிக்கு எங்களுக்கு அதிர்ஷ்டம். முந்தின ராத்திரி மழை. கடல் தாண்டி வர்ற பறவைங்க மழையில மாட்டினா முதல்ல தெரியற கரையில பொத்துனு இறங்கிடும். சிக்ரி வயல் ஓரத்து அத்தி மரத்துல ஒரே மரத்துல மாங்குயில் நாலு, ஈப்பிடிப்பான் எத்தனைனு எண்ணல, வேலியில கீச்சான் வரிசையா, எங்க கார் டயருக்கு ரெண்டடி தள்ளி ஒரு வுட் வார்ப்ளர் தரையில பூச்சி பொறுக்குது, எங்களைப் பார்த்து பயப்படக் கூட தெம்பில்ல அதுக்கு. நாங்க காரை விட்டு இறங்காம ஜன்னல் வழியாவே பார்த்தோம். மனைவி வாயைத் திறக்கல, ரொம்ப நேரம் கழிச்சு "தண்ணி ஏதாச்சும் வைக்கலாமாங்க"ன்னாங்க.

இன்னொரு விஷயம், இது கைடு யாரும் சொல்லல. வேலிக்கு வேலி உக்காந்து பாடற கருந்தலை பண்டிங், கருப்புத் தலை, பளிச்சுனு மஞ்சள் வயிறு. இங்க இறங்கற மத்த பறவை பெரும்பாலும் ஆப்பிரிக்காவுல இருந்து வருது, இது மட்டும் நேர் எதிர், குளிர்காலத்தை நம்ம மேற்கு இந்தியா, மத்திய இந்தியா வயல்ல கழிச்சிட்டு ஈரான், துருக்கி வழியா இங்க வருது. குஜராத் பக்கம் சோளக்காட்டுல இருந்து வந்த ஆளு கிரீஸ்ல முள்கம்பி மேல நின்னு பாடிட்டு இருக்காரு, எனக்கு சொந்த ஊர்க்காரரைப் பார்த்த மாதிரி ஆயிடுச்சு. விசா கேள்வி எதுவும் இல்ல அவருக்கு.

கல்லோனி வளைகுடாவுக்கு இன்னொரு பெருமையும் இருக்கு, அரிஸ்டாட்டில் கி.மு. 345 வாக்குல இந்தத் தீவுக்கு வந்து தங்கி, இதே கரையில மீனு, சிப்பி, கணவாய்னு எல்லாத்தையும் அறுத்துப் பார்த்து எழுதியிருக்காரு. அவ்ளோ பெரிய ஆளு, ராபின்னு ஒரு குருவியும் ரெட்ஸ்டார்ட்னு ஒரு குருவியும் சீசனுக்கு சீசன் ஒண்ணு இன்னொண்ணா மாறிடுதுன்னு நம்பினாரு! குளிருக்கு வர்றது அது, கோடைக்கு வர்றது இது, ஒண்ணு காணாம போறப்ப இன்னொண்ணு வருது, வேற என்ன நினைப்பாரு மனுஷன். வார்ப்ளர்ல எது எதுனு நான் குழம்பினப்பெல்லாம் அவரை நினைச்சு மனசைத் தேத்திக்கிட்டேன்.

சாப்பாடு: கல்லோனி மத்தி மீன் பேர் போனது, ஆனா அதுக்கு சீசன் கோடையிலதான். உப்புல போட்டு பச்சையாவே தின்னுவாங்க, நான் ஒண்ணு முயற்சி பண்ணேன், போதும். சைவம்னா கஷ்டமில்ல, பீன்ஸ், கீரை, சீஸ், ஆலிவ் எண்ணெய்ல மிதக்கற கத்திரிக்காய் கிடைக்குது, காரம்தான் கிடைக்காது. ஊறுகாய் பாட்டில் எடுத்துட்டுப் போங்க.

காரைப் பத்தி: சின்னதா எடுங்க, ஊருக்குள்ள சந்து எல்லாம் ஆட்டோ போற அகலம்தான். ஸ்டெப்னி இருக்கானு டிக்கியைத் திறந்து பார்த்துட்டு கையெழுத்து போடுங்க. நாங்க பார்க்கல. எங்களுக்கு கொடுத்த வண்டியில ஸ்டெப்னி இருந்துச்சு, ஜாக்கி இல்ல. பொட்டல் ரோட்டுல டயர் போயி ரெண்டு மணி நேரம், கடைசியில ஆட்டு மந்தையோட வந்த ஒருத்தர் தன் பிக்கப்ல இருந்து ஜாக்கி எடுத்துக் கொடுத்தாரு. அந்த ரெண்டு மணி நேரத்துல தலைக்கு மேல எலியனோரா வல்லூறு ரெண்டு சுத்தினதால சண்டை பெருசா வரல.

ஆக மொத்தம், காசு கொடுத்து கைடு வைக்கறதா இருந்தா ரெண்டே நாள் போதும், பைன் காட்டுக்கு ஒண்ணு, மேற்குக்கு ஒண்ணு. புக் பண்றதுக்கு முன்னாடி மூணு கேள்வி கேளுங்க, காலையில எத்தனை மணிக்கு கிளம்புவீங்க, வேன்ல எத்தனை பேரு, போன்ல பாட்டு போடுவீங்களா. மழுப்பினா விட்டுடுங்க. தேதியைப் பொறுத்தவரை, ஏப்ரல் நடுவுல இருந்து மே நடு வரைக்கும் எப்ப போனாலும் ஏதாச்சும் கிடைக்கும், ஆனா ஆலிவ் மர வார்ப்ளர் மே பிறந்தாதான் நல்லா வருது, எங்களுக்கு அது கிடைக்கல, அந்தக் கடுப்பு இன்னும் இருக்கு.

தங்கின எடம் நல்ல எடம், சுத்தம், வீட்டுக்காரம்மா தினம் ஆரஞ்சு கொடுத்தாங்க. ஒரே ஒரு புகார் மனைவியோடது. முதல் ராத்திரி ரெண்டு மணிக்கு என்னை எழுப்பி, "ஏங்க, ஏதோ மிஷின் பேட்டரி தீர்ந்து போயி பீப் அடிச்சுக்கிட்டே இருக்கு, கீழ சொல்லி நிறுத்தச் சொல்லுங்க"ன்னாங்க. ரெண்டு மூணு செகண்டுக்கு ஒரு தடவை, ஒரே சுருதியில, நிக்காம. நான் படுக்கையில இருந்து துள்ளி எந்திரிச்சு டார்ச் கூட எடுக்காம பால்கனிக்கு ஓடினேன். ஸ்காப்ஸ் ஆந்தை, எதிர்ல யூகலிப்டஸ் மரத்துல. விடியற வரைக்கும் அடிச்சுது. ஏழு ராத்திரியும்.