கீழாநெல்லிப் பொடி: காமாலைக்கு வாங்கலாமா?

நாட்டு மருந்துக் கடைகளில் விற்கும் கீழாநெல்லிப் பொடியைக் காமாலைக்கு மருந்தாக நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். காமாலை உண்டாக்கும் வைரஸ் தொற்றான ஹெபடைடிஸ் ஏ பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே ஆறிவிடும். நல்ல பெயர் பொடிக்குப் போகிறது. ஹெபடைடிஸ் பி வைரஸை இது ஒழிக்கும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. பித்தக்குழாயில் கல் அடைத்து வந்த காமாலையென்றால், பொடி குடித்துக் காத்திருக்கும் நாட்களில் கிருமித்தொற்று ரத்தத்தில் பரவலாம். அதனால் முதலில் பிலிருபின் (ரத்தத்தில் மஞ்சள் நிறமியின் அளவு), எஸ்ஜிபிடி (கல்லீரல் பாதிப்பைக் காட்டும் நொதி), பிடி-ஐஎன்ஆர் (ரத்தம் உறையும் நேரம்) பரிசோதனைகளும் வயிற்று ஸ்கேனும்.

சில பாக்கெட்டுகள் வேறு மூலிகைகளும் சேர்ந்த கலவைப் பொடி, பின்பக்கத்தைப் படியுங்கள். சீந்தில், அமுக்கரா இரண்டுமே சிலருக்குக் கல்லீரல் அழற்சி உண்டாக்கியது மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளது. எடை குறைக்கும் கிரீன் டீ மாத்திரை, அதிக அளவு வைட்டமின் ஏ இரண்டும் கல்லீரலைப் பாதிக்கலாம், அவற்றையும் நிறுத்துங்கள்.

பொடியைவிடக் கெடுதல், அதோடு சொல்லப்படும் பத்தியம். உப்பும் எண்ணெயும் இல்லாத வெறும் மோர்க்கஞ்சியால் உடல் தசை கரையும். வயிற்றில் நீர் கோத்தவர்களுக்குத்தான் உப்புக் கட்டுப்பாடு. மற்றவர்கள் இட்லி, பருப்பு, முட்டை, மீன் சாப்பிடலாம். மாலையில் குமட்டல் கூடும் என்பதால் காலையில் நிறைவாக, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக. மது அறவே கூடாது. பாராசிட்டமாலையும் மருத்துவரைக் கேட்காமல் போடாதீர்கள்.

பேச்சில் குழப்பம், பகலெல்லாம் தூக்கம், ஈறில் ரத்தம் தெரிந்தால் அன்றே ஆஸ்பத்திரி. கர்ப்பிணிக்குக் காமாலை என்றால் இவற்றுக்கெல்லாம் காத்திருக்கவே கூடாது. ஹெபடைடிஸ் இ அவர்களுக்கு உயிராபத்தாகலாம்.